பதினொன்று ஐம்பத்திரண்டு

தலைநகர், 1894 மார்ச் 4

அன்புள்ள ஓரின்,

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துவிடுகிறேன். நான் நாற்காலிமேல் ஏறவில்லை. குடையால் எந்தக் கடிகாரத்தையும் நிறுத்தவில்லை.

பல்கலைக்கழக மசோதா நிறைவேறிய அன்று, கவர்னரின் மனைவி சட்டசபை மாடத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று, குடையை நீட்டி, சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பிடித்து வைத்தாள் என்று ஆஷ்டன் ஊர்ப் பத்திரிகை எழுதியிருக்கிறது. மாடத்துக்கும் கடிகாரத்துக்கும் முப்பது அடி இருக்கும். அத்தனை நீளமான குடை விற்கும் கடையை நான் பார்த்ததில்லை. அன்று பிப்ரவரி இருபத்தேழு. கொட்டியது பனி. குடை வீட்டில் இருந்தது, நானும் வீட்டில் இருந்தேன்.

மசோதாவுக்கு இருபத்தைந்து வருடம் ஆனதாம். அதற்காகக் காலமான உன் அண்ணனுக்கு ஆஷ்டனில் சிலை வைக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். பத்திரிகைக்கு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். பாதியில் பேனா நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை என்றால் யார் நிறுத்தியது? இத்தனை வருடத்தில் இதைக் கேட்கத் தோன்றாமல் போனதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ அன்று கவர்னராக இருந்த உன் அண்ணனின் அந்தரங்கச் செயலாளர். உனக்குத் தெரியாமல் இருக்காது.

இடது முழங்காலைத் தவிர என் உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் நுரையீரல் எப்படி? கம்பளி மார்புத்துணி இரண்டு இத்துடன் வருகிறது. பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள்.

அன்புடன் அண்ணி,
ஹென்றியட்டா ஹார்கின்

*

வில்லாமெட் பள்ளத்தாக்கு, ஆரிகன்
மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் குடையோடு நாற்காலிமேல் நிற்பதை நினைத்துச் சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கும் மார்புக்கும் மார்புத்துணியே மருந்து. நன்றி.

அண்ணி, கூட்டத்தொடரின் கடைசி நாளில் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது எல்லாச் சட்டசபையிலும் உள்ள வழக்கம். நண்பகல் பன்னிரண்டுக்குக் கூட்டத்தொடர் முடியும் என்று சட்டம் சொல்கிறது. வேலையோ முடிவதில்லை. கடிகாரம் நின்றால் பன்னிரண்டு வராது, அவ்வளவுதான். இதைப் போய் யாராவது ஆராய்ச்சி செய்வார்களா?

சிலை வைப்பது ஆஷ்டன்காரர்களா! அன்றைக்கு அவர்கள் எப்படிக் குதித்தார்கள் என்பது மறந்துவிட்டதா? ஒரு ஊருக்குச் சிறைச்சாலை, ஒரு ஊருக்குப் பல்கலைக்கழகம் என்று பங்கு போட்டபோது இரண்டு ஊருமே சிறைச்சாலைக்குத்தான் அடித்துக்கொண்டன. சிறைச்சாலை என்றால் காவலர் வேலை, முந்நூறு கைதிக்கு மாவும் இறைச்சியும். ஆஷ்டன் தானியக் கடைக்காரர் ஒருவர் அண்ணனின் மேசையைத் தட்டிக் கேட்டார்: "கைதி தினமும் மூணு வேளை திங்கிறான் சார். மாணவன் லீவு விட்டா வீட்டுக்குப் போயிடுவான். எங்களுக்கு எதுக்கு சார் இந்தத் தண்டனை?"

ஆப்பிள் மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. நீங்கள் முழங்காலுக்குச் சூடு வையுங்கள்.

ஓரின்

*

தலைநகர், ஏப்ரல் 2

அன்புள்ள ஓரின்,

முழங்காலுக்குச் சூடு வைத்தேன், பயனில்லை. நீ எழுதியது இரண்டு பக்கம். நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் கன்னிமாடத்துப் பள்ளியில் இப்படி விடை எழுதினால் மதர் பெர்னார்ட் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நானும் அதையே செய்திருப்பேன். ஆப்பிள் செய்தி இருந்ததால் வைத்துக்கொண்டேன்.

இனி இது வெறும் ஆவல் இல்லை. நேற்று ஒரு வக்கீல் வந்தார். பல்கலைக்கழகத்துக்கு நிலம் கொடுத்த கர்னல் ட்ரெட்வேயை உனக்குத் தெரியும். அவருடைய மகன் வழக்குப் போட்டிருக்கிறான். நிலத்துக்கடியில் நிலக்கரி கிடைத்திருக்கிறதாம். 'சட்டப்படி பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கும்வரை' நிலம் அதனுடையது என்று கர்னல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மசோதா நண்பகலுக்குப் பிறகு கையெழுத்தாகியிருந்தால் அது சட்டமே இல்லை. சட்டம் இல்லையென்றால் பல்கலைக்கழகமும் இல்லை. ஆகவே நிலம் தனக்கு என்கிறான் மகன்.

வந்தவர் அந்த மகனின் வக்கீல். மிகவும் பணிவாகப் பேசினார். "அம்மா, கவர்னர் ஐயா அன்னைக்கு மத்தியானம் எங்க சாப்பிட்டாருன்னு ஞாபகம் இருக்குங்களா?"

"என் வீட்டு மேசையில யார் எப்ப சாப்பிட்டாங்கன்னு எனக்கு எப்பவும் ஞாபகம் இருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. வழக்கு செப்டம்பரில். ஓரின், உன் அண்ணன் தெரிந்தே பொய் நேரத்தில் கையெழுத்துப் போட்டாரா? கடிகாரத்தை யார் நிறுத்தினார்கள்? இரண்டே கேள்விகள்.

ஹென்றியட்டா

*

ஆரிகன், ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு,

மரங்களுக்கு மருந்தடிக்கும் வேலையில் பதில் தாமதமாகிவிட்டது. மன்னியுங்கள். நான் நலம்தான், கொஞ்சம் இருமல்.

கடிகாரத்தை நிறுத்தியது வாயிற்காவலர் மூனி. ஏணி போட்டு ஏறி ஊசலைப் பிடித்து நிறுத்தினார். பாவம், அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. யாரும் அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அண்ணன் வேலையில் மூழ்கியிருந்தார், எதையும் கவனிக்கவில்லை. மசோதா வந்தது, கையெழுத்துப் போட்டார். முடிந்தது.

வக்கீலிடம் நினைவில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வயதில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஓரின்

*

தலைநகர், மே 7

அன்புள்ள ஓரின்,

என் வயதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அறுபத்தெட்டு ஆன உனக்குத்தான் ஞாபகம் குழம்புகிறது. மூனி போரில் இருந்து ஒரு காலோடு திரும்பியவர். மற்றது மரக்கால். மாடிப்படி ஏறவே அவருக்குக் கால்மணி நேரம் ஆகும். அவரை ஏணியில் ஏற்றியிருக்கிறாய். இறந்தவர்மேல் பழி போடும்போது இறந்தவருக்கு எத்தனை கால் என்றாவது யோசித்திருக்க வேண்டாமா?

எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். எங்கே தவறு என்று நீ சொல்.

உன் அண்ணன் எப்போதும் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பிட வருவார். அன்று பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். பூட்ஸில் பனி. "சூப் இன்னும் கொதிக்கல" என்றேன். "பரவால்ல, இருக்கிறத ஊத்து" என்றார். பாதி குடித்திருப்பார், மெதடிஸ்ட் தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே பன்னிரண்டையும் கேட்டார். பிறகு தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

எங்கள் முப்பத்தெட்டு வருடத்தில் அவர் இரண்டாம் முறை சூப் கேட்டது அன்று மட்டும்தான். அதனால்தான் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு பன்றி இறைச்சி, ஆப்பிள் பை, காப்பி. கிளம்பும்போது ஒன்றுக்கு ஐந்து நிமிடம்.

வேலையில் மூழ்கியிருந்தவர் இப்படியா சாப்பிடுவார்?

முழங்கால் தேவலை. உடனே எழுது.

ஹென்றியட்டா

*

தலைநகர், ஜூன் 25

அன்புள்ள ஓரின்,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. ஆரிகன் தினசரிகளின் இரங்கல் பத்தியில் உன் பெயர் வரவில்லை என்பதைத் தபால் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே உயிரோடுதான் இருக்கிறாய்.

நான் ஆஷ்டனுக்குப் போய் வந்தேன். இத்தனை வருடத்தில் மேடையில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, வகுப்புக்குள் நுழைந்ததே இல்லை. நிலவியல் அறையில் ஒரு பெண் நிலக்கரித் துண்டை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள். வயது பத்தொன்பது இருக்கும். கை முழுக்கக் கரி. ஏதோ பண்ணைக்காரர் மகள், பெயர் டாவ்னி. உள்ளே ஓர் இலையின் வடிவம் அச்சு மாதிரி பதிந்திருந்தது. எப்போது விழுந்த இலை என்று கேட்டேன். அவள் சொன்ன எண்ணைத் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேதாகமத்தில் அவ்வளவு இடம் இல்லை. ஆனால் இலை என்னவோ இருந்தது. அரைமணி நேரம் அதையே பார்த்தேன்.

யாரோ என்னைச் சுட்டிக் காட்டியிருக்க வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, குடையால கடிகாரத்த நிறுத்துனது நீங்கதானா!"

"இல்லை. அது பொய்."

"அய்யோ, இருக்கட்டும்மா. நாங்க அப்படியே சொல்லிக்கிறோம். நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா உண்மையாயிடுமா?"

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "வழக்குல தோத்துட்டா எங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்மா? எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதைப் பொறுத்தது அது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நானூறு பேர் அங்கே படிக்கிறார்கள், ஓரின். பைபிளில் கை வைத்துப் பொய் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் முழு உண்மையும் எனக்குத் தெரிய வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது.

ஹென்றியட்டா

*

ஆரிகன், ஜூலை 9

அண்ணி,

உடம்பு நலம். என் நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடிகாரத்தை நிறுத்தியது நான்.

அன்று மசோதா பதினொன்று இருபதுக்குச் சபையில் நிறைவேறியது. நானே அண்ணன் மேசையில் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆஷ்டன்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். இலையுதிர் காலத்தில் தேர்தல். கையெழுத்துப் போட்டால் ஆஷ்டன் ஓட்டுப் போகும். போடாவிட்டால் பல்கலைக்கழகம் வேண்டும் என்றவர்களின் ஓட்டுப் போகும். பன்னிரண்டு அடித்துவிட்டால் மசோதா தானாகச் செத்துவிடும். யாரிடமும் கெட்ட பெயர் இல்லை.

அவர் தொப்பியை எடுத்தார். "நான் சாப்பிட்டுட்டு வரேன்டா."

"அண்ணா, மணி பதினொன்னு நாப்பது."

"பசிக்குதுடா."

நான் அவருக்கு ஆறு வருடம் செயலாளர். அவருக்கு எப்போது பசிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நான் நேராகச் சபைக்குள் போனேன். சபாநாயகர் என்னைப் பார்த்தார், தடுக்கவில்லை. விளக்கேற்றும் ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, ஊசலைப் பிடித்தேன். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. யாரும் வெளியே போகக்கூடாது என்று சபாநாயகர் கதவை அடைக்கச் சொன்னார். அறுபது பேரும் வேர்க்கடலை உரித்துக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு, ஒருமணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருவர் பாடக்கூடச் செய்தார்.

அண்ணன் ஒன்று ஐந்துக்குச் சபைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வாசலிலேயே சொன்னார்: "நேரம் முடிஞ்சுபோச்சே. எனக்கும் வருத்தம்தான்."

மசோதாவையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு அண்ணா."

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். தன் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மூடி உள்ளே வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏப்ரலில் என் மேசை வேறொருவருக்குப் போனது. "மேற்குல காத்து நல்லா இருக்கும், உன் நெஞ்சுக்கு ஒத்துக்கும்" என்றார். ரயிலேறினேன். அந்தத் தேர்தலில் அவர் ஆஷ்டன் ஓட்டுகளால் தோற்றார் என்று இங்கே வந்த பிறகு பத்திரிகையில் படித்தேன்.

ஓரின்

*

தலைநகர், ஜூலை 20

ஓரின்,

கடிதம் கிடைத்தது. இருமுறை படித்தேன். இப்போது எழுத முடியவில்லை. முதுகுக்குக் கற்பூர எண்ணெய் தேய்த்துக்கொள்.

ஹெ. ஹா.

*

ஆரிகன், ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த நாலு வரிக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபமா, உடம்புக்கு முடியவில்லையா என்று தெரியாமல் தவிக்கிறேன். நான் இங்கே சுகம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அண்ணி, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கோர்ட்டில் அந்தச் சூப்பைப் பற்றிச் சொல்லாதீர்கள். அண்ணன் பெயர் போய்விடும். அந்தப் பிள்ளைகள் படிப்பும் போய்விடும். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. நான் உங்களுக்கு எழுதியது நீங்கள் கேட்டதால்தான். கோர்ட் கேட்கும் என்பதற்காக இல்லை. நினைவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். இதற்காகக் கடவுள் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்.

முதல் ஆப்பிள்கள் வந்துவிட்டன. ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஓரின்

*

தலைநகர், செப்டம்பர் 23

அன்புள்ள ஓரின்,

ஆப்பிள்கள் வந்தன. ஏழு அடிபட்டிருந்தன, மற்றவை நன்றாக இருந்தன. என் உடம்பு நலமே. நீ பயந்தது நடந்தது, நடக்கவும் இல்லை. ஒழுங்காகச் சொல்கிறேன்.

பதினெட்டாம் தேதி என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். உன் கடிதத்தை நான் காட்டவில்லை. அது எனக்கு எழுதியது. நான் கண்டதை மட்டும் சொன்னேன். பன்னிரண்டு அடித்தபோது என் கணவர் என் மேசையில் இருந்தார், இரண்டு தட்டு சூப் குடித்தார், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினார். ட்ரெட்வேயின் வக்கீல் எனக்குத் தலைவணங்கினார். பல்கலைக்கழகத்து வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த டாவ்னி பெண்ணும் வந்திருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

பிறகு நீதிபதி கேட்டார். "கெளம்பி எங்க போனாரும்மா?"

"சட்டசபைக்கு."

"அங்க ஆளுங்க இருந்தாங்களா?"

"நான் பாக்கல. கையெழுத்துப் போட்டுட்டுச் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார்."

சபைக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். சபை கலைந்ததாக எழுதியிருப்பது கையெழுத்துக்குப் பிறகுதான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சபையோட நேரத்தச் சபைதான் சொல்லணும். கவர்னர் வீட்டுச் சாப்பாட்டு மேசை சொல்ல முடியாது. சபையோட கடிகாரத்துல கோர்ட் கை வைக்காது." வழக்கு தள்ளுபடி. டாவ்னி தன் தொப்பியை மேலே எறிந்தாள். நீதிமன்றத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று பிறகு அவளிடம் சொன்னேன்.

மறுநாள் பத்திரிகையில் 'இரண்டு தட்டு கவர்னர்' என்று போட்டார்கள். கசாப்புக்கடையில் சிரிக்கிறார்கள். நான் நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

ஆனால் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழக ஆண்டு விழாவிலும் உன் அண்ணன் மேடையில் சொல்வார்: "சூப்பைப் பாதியில வச்சுட்டு ஓடி வந்தேன்." கைதட்டுவார்கள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஊரில் எல்லோருடைய பிழையையும் திருத்துகிறவள், அந்த ஒன்றை இருபது வருடம் திருத்தவில்லை. அந்த இரண்டாவது தட்டின் பொருள் எனக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும். ஒருவேளை புரிந்திருக்கலாம். மேற்குக் காற்றுக்கு உன்னை அனுப்பியபோதும் மார்புத்துணி தைக்க உட்கார்ந்தேனே தவிர, ஏன் என்று அவரைக் கேட்கவில்லை.

சிலைக்காரர்கள் நேற்று வந்தார்கள். இனி சிலையின் கையில் என்ன வைப்பது என்று தயங்கினார்கள். "பேனா வையுங்க. கையெழுத்துப் போட்டது நிஜம்தானே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மனம் அடங்கவில்லை. அறுபது பேர் பார்க்க, தப்பிக்க வழியில்லாமல் போட்டாரா? இல்லை, தன் கடிகாரத்தைப் பார்த்து, தனக்குச் சாக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகும், வேண்டும் என்று போட்டாரா? கோர்ட்டுக்கு இது தேவைப்படவில்லை. எனக்குத் தேவை.

நீ எப்போதும் போல ஒரு இடத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கிறாய். 'மூடி உள்ளே வைத்தார்' என்கிறாய். அடுத்த வரி 'கையெழுத்துப் போட்டார்'. நடுவில் எவ்வளவு நேரம்? அவர் யாரைப் பார்த்தார்? முகம் எப்படி இருந்தது? ஏதாவது சொன்னாரா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதே, குறைக்காதே.

நினைவிருப்பதை அப்படியே எழுதி, அடுத்த தபாலில் எனக்கு அனுப்பு.

அண்ணி,
ஹென்றியட்டா